பச்சை ஒயர் போகும் இடம்

என் கணவர் போன பிறகு எனக்கு அழுகை வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு பாட்டுப் பெட்டியோடு நான் ஏன் அப்படி மல்லுக்கட்டினேன் என்பது விளங்காது. கொல்லிமலையிலிருந்து ஆம்புலன்ஸில் இறக்கும்போது, பாதி வளைவுகளைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போதும் அழவில்லை. கீழே அவருடைய சொந்த ஊரில் காரியம் முடித்து, விடுப்பு தீர்ந்து, மலைமேல் திண்ணனூர் நாட்டில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கே திரும்பி வந்தேன். அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர் நான். போனேன், பாடம் நடத்தினேன், வந்தேன். பல் பிடுங்க ஊசி போட்டதும் கன்னம் ஒரு மாதிரி இருக்குமே, எனக்கு உடம்பு மொத்தமும் அப்படி இருந்தது.

பக்கத்தில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் அக்கா மட்டும் விடவில்லை. இழவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, அக்கம்பக்கம்தான் சோறு கொண்டுவர வேண்டும் என்பது வழக்கம். வழக்கம் என்றால் சில நாள். அந்த அக்கா மாதக்கணக்கில் நீட்டினார். காலையிலும் சாயங்காலமும், பள்ளி இல்லாத நாளில் மத்தியானமும் தூக்குப் போசியோடு வந்துவிடுவார். சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, ஏதாவது ஒரு குழம்பு. தின்று முடித்த போசியைக் கழுவப் போனால் கையிலிருந்து பிடுங்குவார்.

“அப்படியே குடுங்க டீச்சர், நான் ஊட்டுல அலசிக்கறேன். நீங்க ஒருவாட்டி உக்காந்து அழுதுருங்க. உள்ளயே வெச்சிருந்தா ஒடம்புக்கு ஆகாதுங்க.”

“வந்தால் அழமாட்டேனா அக்கா?” என்பேன். தினமும் இதே பேச்சுதான்.

என் கணவருக்கு இருந்த ஒரே பைத்தியம் பாட்டு. கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர். அந்தக் கறுப்புப் பெட்டியை டேக் என்பார். கம்ப்யூட்டருக்குள் எண்களாகக் கிடக்கும் பாட்டை ஒலியாக மாற்றித் தருவது அதுதானாம். ஒரு வீணைப் பதிவு வைத்திருந்தார். சாதாரணப் பதிவைவிடப் பல மடங்கு நுணுக்கம், கம்ப்யூட்டரில் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதைப் போடுவார். அவர் போட்டபடியே அதைக் கேட்டால் அழுகை வந்துவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு. பேதி மாத்திரை போட்டால் பேதியாகும் என்பதுபோல ஒரு கணக்கு, அவ்வளவுதான். மாசி மாதம், ஒரு ஞாயிறு காலையில் சுவிட்சைப் போட்டேன்.

கம்ப்யூட்டருக்கு அந்தப் பெட்டியை அடையாளமே தெரியவில்லை. ஒயரைப் பிடுங்கி முன்பக்கத் துளையில் செருகினேன், பின்பக்கத் துளையில் செருகினேன். பின்பக்கத்தில் ஒருவழியாகத் தெரிந்துகொண்டது. பாட்டு போட்டால் சத்தம் திரைக்குள்ளிருக்கும் சொத்தை ஸ்பீக்கரில் வந்தது. செட்டிங்ஸில் போய் மாற்றினேன். இப்போது பெரிய ஸ்பீக்கர் பாடியது, ஆனால் டேக்கில் எரிந்தது ஆரஞ்சு விளக்கு. ஆரஞ்சு என்றால் சாதாரணத் தரம், வெள்ளை என்றால்தான் முழுத் தரம் என்று எத்தனையோ தடவை எனக்கு வகுப்பெடுத்திருக்கிறார். கம்ப்யூட்டர் தன்னைத்தானே அப்டேட் செய்துகொண்டு, அவர் வைத்திருந்ததையெல்லாம் கலைத்து, பாட்டைச் செதுக்கிச் சின்னதாக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. பாட்டு போடும் மென்பொருளைக் குடைந்து, நடுவில் யாரும் கை வைக்காமல் நேராகப் பெட்டிக்கே அனுப்பும் வழியைத் தேர்ந்தெடுத்தேன். வெள்ளை விளக்கு எரிந்தது. சந்தோஷம் என்றெல்லாம் இல்லை. ஒரு கணக்குக்கு விடை வந்தது, அவ்வளவுதான்.

ஆனால் வீணைக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். பின்னால் ஒலிக்கும் தம்பூராவுக்குப் பக்கத்திலேயே, சுருதி சேராமல், யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோல. பாட்டை நிறுத்தினாலும் அது நிற்கவில்லை. அவர் இருந்தவரை இது கிடையாது.

பெட்டியை வாங்கிய சேலம் கடைக்குப் போன் செய்தேன். “கேபிள் மாத்திப் பாருங்க மேடம்,” என்றார்கள். மாற்றினேன். “வேற பிளக்ல போட்டுப் பாருங்க மேடம்.” போட்டேன். “அப்ப சர்வீஸுக்குக் கொண்டுவாங்க.” மலை இறங்கிப் போக எனக்குத் தெம்பில்லை. அந்த வளைவுகளை மறுபடி பார்க்கப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை.

நானே ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். கம்ப்யூட்டரிலிருந்து டேக்குக்கு வரும் ஒயரைப் பிடுங்கினால் இரைச்சல் போய்விடுகிறது, செருகினால் வந்துவிடுகிறது. அப்படியானால் கோளாறு கம்ப்யூட்டர் பக்கம். அதன் தகரப் பெட்டியில் கை பட்டது. சுருக்கென்று விரலில் ஏறியது, இரைச்சலும் குரல் மாறியது. இத்தனை மாதத்தில் என் உடம்புக்கு உறைத்தது அது ஒன்றுதான். அதனால் இன்னொரு தடவையும் தொட்டேன். அறிவியல் டீச்சர் செய்கிற வேலையா இது.

எர்த் சரியில்லை. பச்சை ஒயர் எதற்கு என்று வருடம் தவறாமல் எட்டாம் வகுப்புக்கு நடத்துகிறேன். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோக. நான் குடியிருக்கும் வீட்டுப் பச்சை ஒயர் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்ததில்லை. மீட்டர் பெட்டியிலிருந்து பின்பக்கச் சுவரோரமாக இறங்கியது. நான் பாத்திரம் கழுவும் கல்லுக்குப் பக்கத்தில், ஓர் இரும்புக் குழாயோடு சேர்ந்து மண்ணுக்குள் போயிருந்தது. அந்த இடம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. காய்ந்த மண் மின்சாரத்தை வாங்காது. மழை விட்டு எவ்வளவோ நாளாகிறது.

கால் வைத்தால் வழுக்கும் இடம் அது. அவர் இருந்தவரை எப்போதும் சேறுதான். கழுவுகிற தண்ணீரை அங்கேயே விடு, எர்த்துக்கு நல்லது என்பார். சாக்கடை வெட்டச் சோம்பேறித்தனப்பட்டு நம்மிடம் கதை விடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அந்தக் கல் உலர்ந்து வெளுத்திருந்தது. அவர் போனதிலிருந்து நான் இந்த வீட்டில் ஒரு கரண்டி கழுவவில்லை. அக்கா அன்பாகத் தூக்கிப்போன போசிகளோடு என் வீட்டுத் தண்ணீரும் போய்விட்டது. யாரைக் குறை சொல்வது?

கல்லுப்பைப் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். மண் மடக் மடக்கென்று குடித்தது. உள்ளே வந்து தகரப் பெட்டியைத் தொட்டேன். ஒன்றுமில்லை. ஸ்பீக்கரிலும் ஒன்றுமில்லை, அவ்வளவு அமைதி.

வீணையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுகைக்குக் காத்திருந்தேன்.

முதலில் கேட்டது விரல். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கம்பியில் விரல் உரசும் சத்தம். இதைத்தான் அவர் கையைத் தூக்கி “இப்ப, இப்ப” என்று காட்டுவார். எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை, காரணம் நான் அடுப்படியில் நின்றுகொண்டே தலையாட்டுவேன். இப்போது அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது தெள்ளத்தெளிவாகக் கேட்டது. அழுகை வரவில்லை. கோபம் வந்தது.

“கேக்குது! எல்லாம் நல்லாவே கேக்குது!” என்று கத்தினேன். “இதையெல்லாம் மூச்சுவிடாம சொல்லத் தெரிஞ்ச மனுஷனுக்கு நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா? காலையில வந்த வலியை வாயுன்னு சொல்லி சுக்குக் காப்பி கேட்டீங்களே, நானும் போட்டுக் கொடுத்துட்டு ஸ்கூலுக்குப் போனேனே!”

கத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். வாசலில் அக்கா, மத்தியானப் போசியோடு.

“ஏனுங்க டீச்சர், ஆரு கூடங்க சண்ட?”

“அவரோடதான்.”

அக்கா உள்ளே வரவில்லை. நிலைப்படியிலேயே உட்கார்ந்தார். விதி என்பார், ஆண்டவன் கணக்கு என்பார் என்று எதிர்பார்த்தேன். கீழே ஊரில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.

“திட்டுங்க,” என்றார். “காலைலயே சொல்லியிருந்தா பொழச்சிருப்பாருங்க.”

அதை என்னிடம் யாரும் சொன்னதில்லை. நானும் எனக்குச் சொல்லிக்கொண்டதில்லை.

“ஆமாங்க அக்கா,” என்றேன். “பொழச்சிருப்பாரு.” சொல்லும்போதே அழுகை வெடித்துவிட்டது. வீணை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு அதில் என்ன வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.