நைலோன் கயிற்றால் அளந்த இருநூறு மீற்றர்

உடற்பயிற்சி விஞ்ஞானம் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று உயர்தரம் முடித்த பிள்ளைகள் இப்போது என்னிடம் வந்து கேட்கிறார்கள். நான் உத்தியோகங்களின் பெயர்களைச் சொல்லி அனுப்புகிறேன். ஆனால் கேள்வி காதில் விழுந்ததும் நினைவுக்கு வருவது வேறு. எந்த உத்தியோகமும் இல்லாமல் நான் வீட்டில் இருந்தபோது, கல்முனைப் பக்கத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றின் மைதானத்தில் கழிந்த ஒன்றரை நாள் அது.

கொழும்புப் பக்கம் மூன்று வருடம் படித்து டிப்ளோமாவோடு வந்திருந்தேன். வந்த கிழமையே ஒரு கொப்பியில் எனக்குப் பொருந்தக்கூடிய வேலைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எதிரே நிலைமையையும் எழுதினேன். உடற்கல்வி ஆசிரியை: வர்த்தமானியில் அறிவித்தல் வரும்வரை காத்திருக்க வேண்டும். விளையாட்டு உத்தியோகத்தர்: அம்பாறைக்கு நேர்முகத்துக்குப் போய்வந்தாயிற்று, பதில் இல்லை. ஆஸ்பத்திரியில் உடற்சிகிச்சை: அது வேறு படிப்பு. கழகப் பயிற்றுநர்: கழகங்களில் ஆண்கள் மட்டும். ஆராய்ச்சி: ஒரு கேள்விக்குறி.

உம்மாவுக்கு வேறு கவலை. "எக்ஸசைஸ் படிக்கவா கொழும்புக்குப் போன எண்டு பக்கத்து வீட்டு மாமி கேக்கிறா. மெலியிறத்துக்கு மூணு வருசமா எண்டும் கேட்டா. நான் என்னத்தச் செல்ல?"

"மெலியல்லதானே உம்மா, அதச் செல்லுங்க" என்றேன்.

அந்த நாட்களில்தான் அந்தப் பாடசாலையிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே உடற்கல்விக்கு ஆசிரியை இல்லை. ஆங்கிலம் படிப்பிக்கும் மிஸ்தான் விளையாட்டையும் பார்த்துக்கொண்டார். இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்கு நேரம் பார்க்க ஆள் வேண்டும் என்றார். போனேன்.

இருநூறு மீற்றர் ஓட்டத்தில் நற்பிட்டிமுனையிலிருந்து வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். நீளக் காற்சட்டை, தலையில் பின்னால் ஊசி குத்திய ஸ்காப், வெறுங்கால். வெடிச்சத்தம் கேட்டு அவள் பத்து அடி எடுத்து வைத்ததும் நான் மற்றப் பிள்ளைகளைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். வளைவில் அவள் உடல் உள்பக்கமாகச் சாய்ந்தது. தலை மட்டும் ஆடவில்லை. கால் நிலத்தில் பட்டதா என்று கேட்கும் அளவுக்குத்தான் பட்டது. புத்தகத்தில் அம்புக்குறி போட்டு விளக்கியிருந்த ஒவ்வொன்றையும், அந்தப் புத்தகத்தைக் கண்ணால் காணாத ஒரு பிள்ளை, கால் புதையும் மணலில் செய்துகொண்டு வந்தாள்.

ஸ்டொப்வொட்ச் 27.8 காட்டியது. மிஸ்ஸின் கையில் 27.7. எங்கள் கல்வி வலயத்தில் அதுவரை எழுதப்பட்டிருந்த மிக நல்ல நேரத்தைவிட இரண்டு செக்கனுக்கும் மேல் குறைவு. நான் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினேன். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி எண்ணினேன். ஓடாத பிள்ளையின் நாடிபோல் இருந்தது.

"என்ன மிஸ், காய்ச்சலா?" என்று கேட்டாள்.

"காய்ச்சல் எனக்குத்தான் வரும்போல" என்றேன்.

மாவட்டப் போட்டிக்குப் போகிறவர்களின் பெயர்ப்பட்டியல் மறுநாள் பகல் பன்னிரண்டு மணியோடு முடிகிறது. அடுத்த வருடம் அவளுக்குச் சாதாரணதரப் பரீட்சை. ஓடுவதற்கு அவளுடைய வாப்பா இந்த வருடம் மட்டும்தான் சம்மதித்திருந்தார். அன்று பின்னேரமே நானும் மிஸ்ஸும் விளையாட்டுக்குப் பொறுப்பான அதிகாரியிடம் போனோம். நான் என்ன படித்தேன் என்பதை மிஸ் அவரிடம் சொன்னார்.

அவர் நேரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தங்கச்சி, அந்த கிரவுண்ட எனக்குத் தெரியும். கோப்பைக்குள்ள எறும்பு ஓடின மாதிரி இரிக்கும். இருநூறு எங்க வரும் அதுக்குள்ள? நூற்றித் தொண்ணூறுக்கு மேல வராது."

"அளந்துதான் போட்ட சேர்" என்றார் மிஸ்.

"ஆரு அளந்த? இங்கிலீசு மிஸ்ஸா? மறுகா கொழும்பில நம்மளப் பாத்துச் சிரிப்பாங்க. ஒண்டு செய்ங்க. இந்தப் படிப்பப் படிச்ச ஆள் அளந்து, கையெழுத்தும் வச்சித் தரட்டும். நாளைக்குப் பன்னிரண்டுக்குள்ள. இல்லாட்டிப் பேரு இல்ல."

அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. வகுப்பறைக்கும் கடற்கரைப் பக்கத்து மதிலுக்கும் இடையில் நெருக்கிப் போட்ட ஓடுபாதை அது. குறைவாகத்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன். குறைந்தால் குறைவு என்றே எழுத வேண்டும். என் படிப்புக்காக நான் வைக்கப்போகும் முதல் கையெழுத்து ஒரு பிள்ளையின் பெயரை வெட்டப்போகிறது என்பதுதான் அன்று இரவு என் மனதில் கிடந்தது.

காலையில் பள்ளிவாசல் மதில் கட்டிக்கொண்டிருந்த மேசனிடம் இரும்பு அளவுநாடாவை வாங்கிக்கொண்டு போனேன். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க அந்தப் பிள்ளையே வந்து நின்றாள்.

"குறைஞ்சிரிந்தா செல்லிருங்க மிஸ். எனக்காகப் பொய் எழுதாதீங்க" என்றாள்.

வெள்ளைக்கோட்டுக்கு வெளியே இருபது சென்ரிமீற்றர் தள்ளி அளக்க வேண்டும். வளைவில் முளை அடித்துத் துண்டு துண்டாக அளக்க வேண்டும். முதல் நேர்ப்பகுதி ஐம்பது மீற்றர் வர வேண்டிய இடத்தில் ஐம்பதையும் தாண்டி முக்கால் மீற்றர் வந்தது. நாடா வளைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி அளந்தேன். அதே அளவு. வளைவும் அப்படியே. முழுச்சுற்றையும் மூன்று முறை அளந்து எழுதினேன். மூன்று முறையும் இருநூற்று மூன்று மீற்றரும் சொச்சமும்.

பாதை குறையவில்லை. கூடியிருந்தது.

"எதால அளந்தீங்க?" என்று மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் களஞ்சிய அறையிலிருந்து கொண்டுவந்தார். வள்ளம் வைத்திருக்கும் ஒரு பெற்றார் கொடுத்த நைலோன் கயிறு. விறாந்தையில் சும்மா கிடத்தி அளந்து, முடிச்சுப் போட்டிருந்தார்கள். நானும் கிடத்தி நாடாவை வைத்துப் பார்த்தேன், முடிச்சுகள் சரியாக இருந்தன. பிறகு இருவர் இரண்டு முனையையும் பிடித்து இழுத்தார்கள். முடிச்சு நாடாவின் அளவைத் தாண்டி நகர்ந்து போனது. நேர்ப்பகுதியும் வளைவும் இப்படி இழுபட்ட கயிற்றால்தான் போடப்பட்டிருந்தன.

"கோடு போட்ட அண்டைக்கி ஆரு இழுத்த?"

பிள்ளை கையைத் தூக்கினாள். "நானும் இன்னொருத்தியும் மிஸ். தொய்ய விடாம நல்லா இறுக்கி இழுங்கடி எண்டு இவங்கதான் சென்னாங்க."

"இழுக்கச் சொன்னா கிரவுண்டயே இழுத்திரிக்காள்!" என்று மிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருடம் படித்தும், ஒரு நேரத்தைப் பார்த்ததும் மைதானத்தைத்தான் சந்தேகித்தேன். அந்தக் கால்கள் செய்தது, நாங்கள் எல்லோரும் நம்ப மறுத்ததைவிடவும் பெரிதாக இருந்தது. அதை அளந்து சொல்லவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. என் படிப்பின் முன்னால் அப்படி மலைத்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பதினொன்றரைக்கு அதிகாரியின் மேசையில் கடிதத்தையும் கயிற்றையும் வைத்தோம். அவர் வாசித்தார். கயிற்றைத் தானே இழுத்துப் பார்த்தார்.

"கூடவா?"

"ஓம் சேர். மூணு மீற்றர் கூட."

"அப்ப இந்தப் புள்ள..." என்று தொடங்கியவர் கயிற்றை மேசையில் வைத்தார். பிறகு கடிதத்தின் அடியில் விரலை வைத்தார். "தங்கச்சி, பேரு இரிக்கி, கையெழுத்து இரிக்கி. பதவி எங்க? பதவி இல்லாம நான் இத எப்பிடி ஃபைல் பண்ற?"

எனக்குப் பதவி இல்லை. பேனையை வாங்கி, என் பெயரின் கீழே "அளந்தவர்" என்று எழுதினேன். அவர் அதை இரண்டு முறை வாசித்தார். சிரிக்கவில்லை. முத்திரையைக் குத்திவிட்டு, பட்டியலை இழுத்துப் பிள்ளையின் பெயரை எழுதினார்.

பாடசாலைக்குத் திரும்பும்போது அவள் கேற்றடியில் நின்றாள். பெயர் எழுதியாயிற்று என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டவள், சற்று யோசித்துவிட்டுக் கேட்டாள்:

"அப்ப நான் கூட ஓடின மூணு மீற்றர அங்க கழிச்சித் தருவாங்களா மிஸ்?"

"இல்ல. அங்கயும் முழுசாத்தான் ஓடணும்."

"சரி, ஓடுவம்" என்றாள். உள்ளே மணி அடித்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மைதானத்தின் குறுக்கே வகுப்பை நோக்கி ஓடினாள்.