வலி நின்றுபோன இடது கால்

என் தங்கையின் கணவரைப் பற்றி ஒரு புத்தகத்தில் ஆறு பக்கம் வந்திருக்கிறது. தொலைதூரம் ஓடுகிறவர்களுக்கு ஊக்கம் தரும் புத்தகமாம். அட்டையில் சூரியன் உதிக்கிறது. அந்த ஆறு பக்கத்தில் அவருடைய வயதும் தொழிலும் மட்டும்தான் சரி. மற்றதை நான் திருத்தி எழுதி வைக்கிறேன்.

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவர். கண்ணாடிச் சட்டத்துக்குப் பொருந்தும்படி விளிம்பைத் தேய்த்து, விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. பிறர் கண்ணுக்குப் படாத கீறல் அவருக்குப் படும். உட்கார்ந்தே கிடந்ததில் தொப்பை விழுந்தது. நாற்பத்தாறாம் வயதில் சர்க்கரையும் வந்தது. டாக்டர் இரண்டு காரியம் சொன்னார். தினமும் நடக்க வேண்டும். தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். இந்த நோயில் காலின் உணர்ச்சி செத்துப்போகும், புண் வந்தாலும் தெரியாது, அசட்டையாக இருந்தால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று விளக்கமாகச் சொன்னார். தங்கையும் கூட இருந்து கேட்டாள். மாப்பிள்ளை முதல் காரியத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

நடை ஓட்டமாயிற்று. சர்க்கரை இறங்கியது, தொப்பையும் கரைந்தது. அதுவரை நல்லதுதான். பிறகு ஓட்டக்காரர் குழு ஒன்றில் சேர்ந்தார். அங்கே எல்லோரும் அவரை லென்ஸ் என்றே கூப்பிட்டார்கள். குழுவின் தலைவருக்குக் கேப்டன் என்று பெயர். அவர் எந்த அணிக்கும் கேப்டனாக இருந்தவர் அல்ல. உடற்பயிற்சிச் சாமான் விற்கிறவர்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்ததும் அவர்கள் ஒரு கார் நிறுத்துமிடத்தில் வட்டமாக உட்காருவார்கள். ஒருநாள் மாப்பிள்ளையின் வற்புறுத்தலால் நானும் போயிருந்தேன். ஆளாளுக்குச் சாக்ஸைக் கழற்றி, கறுத்த நகத்தையும் உடைந்த கொப்புளத்தையும் நடுவில் நீட்டினார்கள். ஒருவர் பாதி கழன்ற நகத்தை எல்லோர் முன்னாலும் ஆட்டிக் காட்டினார். பக்கத்திலிருந்தவர் அதே கையால் பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். நடுவே கேப்டன் புத்தகம் வாசித்தார். வாராவாரம் ஒரு புத்தகம் கைமாறும். ஒன்றில் ஒருவன் முறிந்த எலும்போடு மலை ஏறினான். இன்னொன்றில் ஒருவன் தன் வாந்தியை மிதித்துக்கொண்டே எல்லைக்கோட்டைத் தாண்டினான். அந்த இடம் வந்ததும் இவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு வந்த பிஸ்கட்டை நான் தின்னவில்லை.

மாப்பிள்ளை அந்தப் புத்தகங்களில் பென்சிலால் அடிக்கோடு போடுவார். அவர் இரண்டு முறை அடிக்கோடு போட்ட வரி இது: உடம்பு பொய் சொல்லும், கேட்காதே, வலி நிற்கும் நாளில்தான் நீ ஓட்டக்காரன் ஆகிறாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அந்த நாள் வந்தது. இடது பாதத்தில் மாதக்கணக்காக இருந்த எரிச்சலும் குத்தலும் காணாமற்போயின. அதைக் கார் நிறுத்துமிடத்தில் அறிவித்தார். கேப்டன் கட்டிப்பிடித்தார், வட்டம் கைதட்டியது. அந்த வட்டத்தில் படித்தவர்கள் இருந்தார்கள், ஒரு மருந்துக்கடைக்காரர்கூட இருந்தார். ஒருவருக்கும் சர்க்கரை ஞாபகத்துக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து தங்கையிடமும் சொன்னார். காலைக் காட்டச் சொன்னாள். “வலியே இல்லைன்னு சொல்றேன், எதுக்குப் பாக்கணும்?” என்று சிரித்தாராம்.

அந்தப் பெருமையோடே நாற்பத்திரண்டு கிலோமீட்டர் பந்தயம் ஓடி முடித்தார். பதக்கத்தை மாட்டிக்கொண்டு, சாக்ஸைக்கூடக் கழற்றாமல் அன்று அப்படியே தூங்கினார்.

இரண்டாம் நாள் வீட்டில் எலி செத்த நாற்றம். தங்கை அலமாரியை நகர்த்தினாள், கட்டிலுக்கடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவினாள். என்னையும் வரச்சொன்னாள், நான் பரண்மேல் ஏறிப் பார்த்தேன். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து, எந்த மூலையில் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எழுந்து அடுக்களைக்குப் போனார். நாற்றமும் கூடவே போனது. தங்கை கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

அவரை உட்காரவைத்து இடது கால் சாக்ஸை உருவினாள். அது தனியாக வரவில்லை. அடிப்பாதத்துத் தோலும் சேர்ந்து வந்தது. இரண்டு விரல்கள் கருநீலமாக இருந்தன. சதைக்குள்ளே சிறு கல் ஒன்று பதிந்திருந்தது. எத்தனை நாளாக அதன்மேல் ஓடினாரோ, அவருக்கே தெரியவில்லை. நான் வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தேன். தங்கை எடுக்கவில்லை. துணியை நனைத்துக் காலைச் சுற்றி, “அண்ணா, வண்டி கூப்பிடு,” என்றாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை உடனே எடுத்தார்கள். அழுகல் மேலே ஏறினால் கணுக்காலுக்கு மேல் வெட்ட வேண்டும், மூன்று நாள் பொறுத்துச் சொல்கிறோம் என்றார்கள். அந்த மூன்று நாளும் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் பக்கத்துக் கட்டில்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

முடிவு தெரிவதற்கு முன்பே கேப்டன் பழக்கூடையோடு வந்தார். தான் ஒரு புத்தகம் எழுதுவதாகவும், லென்ஸின் போராட்டம் அதில் ஒரு அத்தியாயமாக வரப்போவதாகவும் சொன்னார். விரல் போனாலும் மனம் போகவில்லை என்று தலைப்புகூட வைத்துவிட்டாராம். கட்டிலுக்கு நாலடி தள்ளியே நின்று இதையெல்லாம் பேசினார்.

மாப்பிள்ளை அதுவரை யாரையும் கடிந்து பேசியவர் அல்ல. போர்வையை விலக்கினார்.

“கிட்ட வாங்க கேப்டன். மோந்து பாருங்க.”

“ரெஸ்ட் எடுங்க லென்ஸ், அப்புறம் பேசலாம்.”

“இல்ல, இப்பவே. மோந்து பாத்துட்டு, அது எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க. நான் பேர் தரேன், போட்டோ தரேன், எல்லாம் தரேன்.”

கேப்டன் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். தங்கை பழக்கூடையை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். வாசலுக்குப் போனவர், போகிற போக்கில் செல்போனைத் தூக்கி மாப்பிள்ளையின் முகத்தை மட்டும் படம் பிடித்துக்கொண்டார். அந்தப் படம்தான் புத்தகத்தில் இருக்கிறது.

கால் தப்பியது. மூன்று விரலோடு, கைத்தடி பிடித்து, மறுபடி லென்ஸ் தேய்க்கப் போகிறார். புத்தகத்திலோ அவர் வலியை வென்றவர். அடுத்த வருடம் மீண்டும் ஓடப்போகிறவர். சர்க்கரை என்ற சொல்லை அந்த ஆறு பக்கத்திலும் தேடினோம். இல்லை. நாற்றமும் இல்லை. கல்லைக்கூட ஒரு வைரம்போல வர்ணித்திருந்தார் கேப்டன். வாசித்துக் காட்டிய எனக்கே வாய் கொப்பளிக்கத் தோன்றியது.

புத்தகம் வந்தபின் கடைக்கு யார் யாரோ போன் செய்கிறார்கள். போன வாரம் நான் அங்கே இருந்தபோது ஒருவர் கூப்பிட்டார். கையில் லென்ஸ் இருந்ததால் மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டார். வங்கியில் வேலையாம். நீங்கள்தான் எனக்கு முன்மாதிரி சார் என்றார். பத்து நாளாகக் காலில் வலியே இல்லை, புத்தகத்தில் உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார். மாப்பிள்ளை கையில் எடுத்த லென்ஸைக் கீழே வைத்தார்.

“சார், உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?”

கொஞ்சமாய் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன் என்று பதில் வந்தது.

“உக்காருங்க. சாக்ஸைக் கழட்டுங்க. லைட்டப் போட்டு அடிப்பாதத்தைப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

ஆபீஸில் இருக்கிறேன், வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றார் அவர்.

“இப்பவே கழட்டுங்க,” என்றார் மாப்பிள்ளை. “வேற யாராவது பக்கத்துல இருந்தா, அவங்களையும் மோந்து பாக்கச் சொல்லுங்க.”

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, “யாராவது கொஞ்சம் இங்க வாங்களேன்,” என்று அவர் கூப்பிடுவது தூரத்தில் கேட்டது.