கூட்ட மறந்த உயரம்

எங்கள் தெருக் கணக்கு டீச்சர் இப்போதெல்லாம் தலையைக் குனிந்தபடிதான் நடக்கிறார். அவர் வீட்டுப் பட்டமரத்தை வெட்டிய நாளிலிருந்து இப்படி.

அன்று பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி நின்று, கோணமானியைக் கண்ணருகே பிடித்து, மர உச்சியைப் பார்த்தார். சரியாக நாற்பத்தைந்து டிகிரி.

"டேன் நாற்பத்தஞ்சு ஒண்ணு. அப்போ இங்கேருந்து மரம் எவ்வளவு தூரமோ, அவ்வளவுதான் உயரம். உச்சி என் காலடியில விழும். சுவருக்கு ஒண்ணும் ஆகாது, தைரியமா வெட்டுங்க!"

மரம் சாய்ந்தது. உச்சி சுவரை உடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கத்த ஆரம்பித்தார்.

டீச்சரிடமே கணக்குப் படிக்கும் அவர் மகள் கேட்டாள்: "அம்மா, தரையிலேருந்து உங்க கண்ணு வரைக்கும் இருக்கிற உயரத்தைக் கூட்டவே இல்லையே?"

டீச்சர் கூனிக் குறுகிப்போனார்.

"இதே தப்புக்குத்தானேம்மா பரீட்சையில எனக்கு முட்டை போட்டீங்க?"