முத்துமாரியின் பெயருக்கு ஒரு வரி

மகள் கணினியில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து வரிவரியாக ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். படம் கிடையாது, வெறும் எழுத்து. என்னவென்று கேட்டேன்.

"இந்த ஃபைலை யாரு படிக்கலாம், யாரு திருத்தலாம்னு கமாண்ட் குடுக்கேன்மா. டீமுக்குப் பொதுவா ஒரு அனுமதி. அதுபோக, தனி ஆளுக்கு வேணும்னா அவங்க பேருல ஒரு வரி."

"வரி இல்லாதவுகளுக்கு?"

"திறக்காது."

எண்டரைத் தட்டினாள். திரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தமாம். எனக்கோ எங்கிருந்தோ ஃபினாயில் வாடை வந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் விருதுநகர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு அறை என் பொறுப்பில் இருந்தது. ஃபினாயிலும் பழைய காகிதமும் கலந்த அந்த வாடையோடு மத்தியானக் காற்றில் வேப்பம்பூ வாசமும் சேர்ந்துகொண்டால் கண் சொருகும். அலமாரியில் சாய்ந்து நான் தூங்கியதும் உண்டு, உங்களிடம் சொல்வதற்கென்ன.

தலைமை நர்ஸ் எஸ்தர் சிஸ்டர், ஒவ்வொரு நோயாளியின் காகிதக் கட்டின் அட்டையிலும் யார் எழுதலாம், யார் பார்க்கலாம் என்று எழுதி வைத்திருப்பார். டாக்டர் எழுதலாம். நர்ஸ்கள் பார்க்கலாம். நான் எடுத்து வைக்கலாம், அவ்வளவுதான். சாவி என் இடுப்பில், படிக்கும் உரிமை எனக்கில்லை. அதனாலேயே ரொம்ப விறைப்பாக இருப்பேன்.

தாயில்பட்டியிலிருந்து முத்துமாரி வந்தது ஒரு கோடையில். தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்குகிறவள். இருமல் நிற்கவில்லை என்று சேர்த்திருந்தார்கள். நாலு நாளில் அவள் கம்பெனிக் கணக்கப்பிள்ளை குடையோடு வந்து நின்றார்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன சீக்குன்னு ஒரு பார்வை பாத்துக்கிடுதேன் தாயி. அம்புட்டுப் பொம்பளைகளும் ஒண்ணா உக்காந்து வேலை பாக்காக."

மனுஷன் கெட்டவரில்லை. பயந்துபோயிருந்தார். "உங்க பேரு இதுல இல்லைங்க" என்றேன். வெளிப்பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அவர் வந்துபோனதை யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சாயங்காலம் முத்துமாரியே சுவரைப் பிடித்தபடி வந்தாள். விரல் நுனிகளில் தீக்குச்சி மருந்தின் கறை.

"அக்கா, எங் கட்டுல என்ன எழுதிருக்கு?"

"நான் படிக்கக் கூடாதும்மா. நீயும் பாக்கக் கூடாது."

"எந் நெஞ்சுக்குள்ள இருக்கதை டாக்டரு பாக்கலாம், நர்ஸம்மா பாக்கலாம். நான் பாக்கக் கூடாதாக்கும்?"

கோபமே இல்லாமல் கேட்டாள். அவளை உட்காரவைத்துவிட்டு சிஸ்டரிடம் போனேன். அவர் டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, அட்டையில் பேனாவால் எழுதினார்: முத்துமாரி, பார்க்கலாம். "அவளுக்கு எழுத்துத் தெரியாது. நீ வாசிச்சுச் சொல்லு" என்று அடியில் என் பெயரையும் சேர்த்தார்.

அன்றுதான் முதன்முதலாக ஒரு கட்டைத் திறந்து படித்தேன். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். காசநோய். ஆரம்ப நிலை. விடாமல் மருந்து எடுத்தால் குணமாகும்.

"கடைசியா சொன்னதை இன்னொருக்கா படிங்க."

படித்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கணக்கப்பிள்ளைக்கும் ஒரு வரி எழுதச் சொல்லுங்க. ஆனா நான் பக்கத்துல இருக்கையிலதான் அவுக பாக்கணும்."

அப்படியே நடந்தது. அவர் கேட்டு முடித்து, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சொகமானதும் வா. எடம் இருக்கும்" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். அதன்பிறகு வருஷாவருஷம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது முத்துமாரி எங்கள் ஜன்னலில் எட்டிப் பார்ப்பாள். வேதக்காரி, கிறிஸ்தவளான என் மேசையில் கோயில் பொரிகடலைப் பொட்டலம் ஒன்று இருக்கும். கல்யாணமாகி மதுரைக்கு நான் போனதோடு அதுவும் நின்றது.

போன வருஷம் அந்தப் பக்கம் போக வாய்த்தது. ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. தாயில்பட்டிக்கும் போனேன். டீக்கடையில் முத்துமாரி வீடு எது என்று விசாரித்தேன்.

"எந்த முத்துமாரி? இங்கன தெருவுக்கு நாலு முத்துமாரி இருக்காக. யாரு மக, என்ன தெரு?"

நின்று யோசித்தேன். அவள் நெஞ்சுக்குள் இருந்தது தெரியும். அப்பா பெயரோ, தெருவோ நான் கேட்டதே இல்லை.