வீட்டுக்கார அம்மாவுக்குக் கேட்காத பேச்சு

தொண்ணூறுகளில் அக்கா காலேஜில் சேர்ந்து இங்கிலீஷ் இலக்கியம் எடுத்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சண்டை போட முடியவில்லை. அம்மா தனியாகப் புலம்பினால் சொலிலொக்வி, அப்பா தட்டைத் தள்ளினால் கிளைமாக்ஸ் என்று என் காதில் கிசுகிசுப்பாள். நான் அப்போது படித்தது ஐந்தாவதுதான். வாய் மட்டும் காலேஜ் முடித்திருந்தது. அவள் சொன்னதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அசைட்.

"மேடையில நாலு பேர் நிப்பாங்க. ஒருத்தன் மட்டும் ஜனங்களைப் பாத்து மனசுல உள்ளதைச் சொல்லுவான். பக்கத்துல நிக்கிறவனுக்குக் கேக்காது."

"அவன் என்ன செவிடா?"

"கேக்காதுன்னு வச்சுக்கணும்டி, லூசு."

இதென்ன பெரிய வித்தை, நம் வீட்டில் தினமும் நடப்பதுதானே என்று நினைத்தேன். செல்லூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர்கள் அலங்காநல்லூர்ப் பக்கத்துத் தமிழ்க்காரர்கள். நாங்கள் சௌராஷ்டிரர்கள். மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா இறங்கி வந்தால் அப்பா தமிழில் "வாங்க, உக்காருங்க" என்பார். அதே மூச்சில் எங்கள் பாஷையில், "இந்தம்மா உக்காந்தா எந்திரிக்காது, சீக்கிரம் காப்பியைக் கொடுத்து அனுப்பு" என்பார். அந்த அம்மா சிரித்த முகமாகக் காப்பி குடிப்பார். சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு வயிறு வலிக்கும்.

அக்கா கடைசி வருஷத்துக்குப் போகவிருந்த சமயம் ஒரு வரன் வந்தது. ஆவணியிலேயே கல்யாணம் வேண்டும் என்றார்கள். படித்தது போதும் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். அக்கா அழுத அழுகையில் முகமே வீங்கிவிட்டது. எனக்கும் சோறு இறங்கவில்லை. அம்மாவோ அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

சனிக்கிழமை அம்மா தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கார அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். திடீரென்று அம்மா என்னைப் பார்த்து எங்கள் பாஷையில் பேச ஆரம்பித்தாள். வரன், அவர்களுடைய அவசரம், அப்பாவின் பிடிவாதம், எல்லாம். "இன்னும் ஒரே ஒரு வருஷம். அவளாவது படிச்சு முடிக்கக் கூடாதா? நான் சொன்னா உங்கப்பா கேக்க மாட்டார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்து வயசுப் பிள்ளையிடம் சொல்கிற விஷயமா இது! வீட்டுக்கார அம்மா தலை நிமிராமல் கீரையை உருவினார். பாவம், ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

சாயங்காலம் அப்பா சைக்கிளை நிறுத்துவதற்குள் வீட்டுக்கார அம்மா வாசலில் நின்றார்.

"ஏண்ணே, பிள்ளைக்கு வரன் வந்திருக்காமே. ஒரு வருசம் படிப்பு முடியட்டும்னு சொல்லிப் பாருங்க. அதுக்கே பொறுக்காதவங்க, நாளைக்கு நம்ம பிள்ளைய எம்புட்டுப் பொறுத்துப் போவாங்க?"

அப்பா உள்ளே வந்ததும், யார் சொன்னது என்று குதித்தார்.

"அந்தம்மாகிட்ட நான் ஒரு வார்த்தை பேசலை. வேணும்னா இவளைக் கேளுங்க" என்றாள் அம்மா.

அம்மா அவரிடம் பேசவே இல்லை என்று நானும் சத்தியம் செய்தேன். ஆக, மிஞ்சியது என் வாய்தான். நறுக்கென்று தலையில் ஒரு குட்டு விழுந்தது. அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்! ஆனால் அப்பா மாப்பிள்ளை வீட்டில் போய் ஒரு வருஷம் கேட்டார். அவர்கள் முடியாது என்றார்கள். வரன் போயிற்று, அக்கா படித்து முடித்தாள்.

பல வருஷம் கழித்து, வீட்டுக்கார அம்மா கால் முறிந்து படுத்திருந்தபோது அம்மாவோடு பார்க்கப் போனேன். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவதற்குள் இரண்டு பேரும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பாஷையில்! அந்த அம்மா என்னைவிடச் சுத்தமாகப் பேசினார். அப்பாவின் காப்பிப் பேச்சு முழுக்க அவருக்குப் புரிந்திருக்கிறது!

"அடிப்பாவி அம்மா! எப்ப இருந்து இது?"

"நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சதுல இருந்து" என்றாள் அம்மா. "நாந்தான் சொல்லிக்கொடுத்தேன். நீங்க எல்லாரும் காலையில கிளம்பிப் போயிருவீங்க. எனக்கும் பேச ஒரு ஆள் வேணும்ல?"

அம்மாவுக்கும் பேச ஆள் வேண்டும் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றியதே இல்லை.