பாவு நீட்டிய தெருவில் ஒரு ஜோடிச் செருப்பு

எழுபதுகளின் தொடக்கத்தில் பாளையம்பட்டி டூரிங் டாக்கீஸுக்கு ஒரு தெலுங்குப் படம் வந்தது. அருப்புக்கோட்டையில் எங்கள் நெசவாளர் தெருவில் வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். படத்துத் தெலுங்கு பாதிதான் பிடிபட்டது. ஆனாலும் லஞ்சம் வாங்கிய அதிகாரியைக் கதாநாயகன் கம்பத்தில் கட்டி, ஊர்சனங்களைக் கொண்டே அடிக்கவைத்தபோது மணலை வாரி இறைத்து விசிலடித்தோம். எனக்கு இருபத்தாறு வயது, கல்யாணமாகிவிட்டது. புத்தி வந்திருக்க வேண்டிய வயசுதான்.

எங்களுக்கும் ஒரு திருடன் இருந்தான். நெசவாளர் சங்கத்தில் நூல் கொடுக்க ஒரு எடைக்கல், நெய்த சேலையை வாங்க ஒரு எடைக்கல். குறைகிற நூலை நாங்கள் திருடினோம் என்று பேர். நூலை நிறுத்துக் கொடுத்தவர் என் அக்கா புருஷன்; தெருவுக்கு அவர்மேல்தான் சந்தேகம். பாவா என்று கூப்பிடுவோம். கள்ளக் கல்லைப் பூட்டி வைத்து எடுத்துக் கொடுப்பது சங்கத்துச் செயலாளர் என்று எனக்கு மட்டும் தெரியும். பாவா வாயைத் திறந்தால் அந்த ஆள் தொலைந்தான். ஆனால் பாவா எறும்புக்கும் பயப்படுகிற மனுஷன்.

படம் பார்த்த மறுநாள் காலை, தறியில் ஏற்றப்போகும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டியிருந்த நேரத்தில், நாலைந்து பேர் பாவாவை இழுத்துவந்து கம்பத்தில் கட்டினார்கள். நான் தடுக்கவில்லை. இப்போதாவது உண்மையைக் கக்கட்டும் என்று எனக்கும் வெறி. பின்னாலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன்.

"செப்பு! செப்பு!"

சொல்லு என்றுதான் கத்தினேன். எங்கள் தெலுங்கில் செருப்புக்கும் அதே வார்த்தை. கூட்டம் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது. செப்பு, செப்பு என்று தெருவே அலறியது. பாவு கிடக்கும் இடத்தில் செருப்புப் போடுவது எங்களுக்குப் பாவம். அத்தனை பேரும் வெறுங்கால். வேடிக்கை பார்க்க வந்த செயலாளர் மட்டும் செருப்போடு நின்றார். அவருக்குத் தெலுங்கு தெரியாது. என்ன கேட்கிறார்கள் என்று பக்கத்து ஆளிடம் விசாரித்தார். பதில் கிடைத்ததும் குனிந்து இரண்டையும் கழற்றி, தூசி தட்டிக் கொடுத்தார்.

பாவா என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். முதல் அடி வாயிலேயே விழுந்தது. அப்புறம் ஆளாளுக்கு அடித்தார்கள். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தமான பிறகு, போதும், பிள்ளைகுட்டிக்காரர் என்று செயலாளரே கட்டை அவிழ்த்துவிட்டார். பெரிய மனசு என்று தெரு அவரைக் கும்பிட்டது. ரிட்டையர் ஆகும்வரை அவரே செயலாளராக இருந்தார்.

ஒரு வாரம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். பாவா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் தெலுங்கில் பேச, அக்கா தமிழில் பதில் சொன்னாள். அந்த வீட்டில் தெலுங்கு நின்றுபோயிருந்தது.

"அன்னைக்கிச் சங்கத்துல நடக்குறத பூராம் சொல்லிப்புடப் போறேன்னுட்டுத்தான் வீட்ட விட்டு எறங்குனாக," என்றாள். "மொதல்ல கத்துனவன் எவன்டா? உனக்குத் தெரியுமா?"

"தெரியலக்கா" என்றேன்.

சாப்பிட்டுப் போ என்று சோறு போட்டாள். சாப்பிட்டேன்.