மச்சாளின் விரதமும் மொறுமொறு வத்தாளங்கிழங்கும்

எங்கள் வீட்டில் மீனுக்கு மச்சச் சட்டி, விரதத்துக்குச் சைவச் சட்டி. அதில் நான் கண்டிப்பானவள். ஒரு வெள்ளிக்கிழமை மானிப்பாயிலிருந்து என் கணவரின் அக்கா, விரதகாரி மச்சாள், வந்திருந்தார். வத்தாளங்கிழங்கை, அதாவது சர்க்கரைவள்ளிக் கிழங்கை, நீளமாக வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் துடைத்து, ஏர் ஃப்ரையரில் நெருக்காமல் பரப்பி மொறுமொறுவென்று பொரித்துக் கொடுத்தேன்.

"என்ன போட்டனீர்? சோக்கான ருசி!" என்று மச்சாள் தட்டைக் காலியாக்கினார்.

"உப்பும் மிளகும்தான் மச்சாள்" என்றேன் பெருமையாக.

என் கணவர் சும்மா இருந்திருக்கலாம். "அக்கா, நேற்று இதுக்குள்ளைதான் நான் இறால் பொரிச்சனான்" என்றார்.

மச்சாள் நேரே கிணற்றடிக்குப் போய் முழுகினார்.

இப்போது அந்த மெஷின் மச்சத்துக்கு மட்டும்தான். வெள்ளிக்கிழமைக் கிழங்கைத் தாச்சியில் எண்ணெய் விட்டுப் பொரிக்கிறேன். மச்சாள் அதையும் சாப்பிட்டுப் பார்த்து, "அந்த ருசி இல்லை" என்றார்.

இப்போதெல்லாம் அவர் விரதமில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வருகிறார்.